துணுக்கி தூதனைக் கட்டிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் வாய் இருந்தபோது, ஒரு வெள்ளாட்டின் குடலில் கோலாயி என்றொரு பாக்டீரியா குடியிருந்தாள். உடம்பு கோல் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். ஒரே ஒரு செல்தான் உடம்பு. ஆனால் உள்ளே சந்தை இரைச்சலாக இருக்கும். நடுவில் மரபிழை, அதாவது டி.என்.ஏ., சுருண்டு கிடக்கும். என்ன புரதம் வேண்டும் என்று சொல்ல, அதிலிருந்து ஆர்.என்.ஏ. தூதர்கள் புறப்படுவார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்ததும் ரைபோசோம் பட்டறைகள் அந்தப் புரதத்தைச் செய்து தள்ளும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புறப்பட்ட தூதனை யாரும் மறிக்கக் கூடாது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது மானக்கேடாம். மானத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒருநாள் ஆட்டுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வந்த உடம்பு, நல்ல கிருமி கெட்ட கிருமி என்று பார்க்காது. இரும்பையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்துவிடும். கோலாயிக்கு இரும்பு வரத்து நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து அவள் இரண்டாகப் பிரியும் தறுவாயில் இருந்தாள். பிரிவதென்றால் மரபிழைக்கு நகல் எடுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சமாவது இரும்பு வேண்டும். இல்லாவிட்டால் தாயும் இல்லை, மகளும் இல்லை.

இரும்பு தின்னும் புரதங்களுக்கு இனித் தூது அனுப்பாதே என்று கோலாயி மரபிழையிடம் சொல்லிவிட்டாள். ஆனால் ஏற்கெனவே கிளம்பிய நெட்டையன் என்ற தூதன் பட்டறை பட்டறையாக ஓடிக்கொண்டிருந்தான். அவன் பேச்சைக் கேட்டுப் பட்டறைகள் செய்த புரதங்கள், இருந்த கொஞ்ச இரும்பையும் வழித்துக்கொண்டிருந்தன.

அப்போது மரபிழையிலிருந்து துணுக்கி பிறந்தாள். அவளும் நெட்டையனைப் போல எழுத்துகள் கோத்த ஆர்.என்.ஏ. சரம்தான், ஆனால் ரொம்பக் குட்டை. எந்தப் புரதத்தையும் செய்யச் சொல்லும் தூது அவளிடம் இல்லை. பட்டறைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஆனால் நெட்டையனைப் பட்டறை பிடிக்கிற இடம் ஒன்று உண்டே, அந்த இடத்து எழுத்துகளும் துணுக்கியின் எழுத்துகளும் பொத்தானும் ஓட்டையும் போலப் பொருந்தும். அதைப் பொத்திவிட்டால் பட்டறையால் அவனைத் தொட முடியாது. துணுக்கி பாய்ந்து பாய்ந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நழுவி விழுந்தாள்.

ஓரமாக இருந்த வளையம்மா இதைப் பார்த்தாள். ஆறு பேர் கைகோத்து நிற்பது போன்ற புரதம் அவள். பிடித்தால் விடமாட்டாள், பேச்சிலும் அப்படித்தான் என்பதால் எல்லோரும் அவளைக் கண்டாலே ஒதுங்கிப் போவார்கள்.

“ஏண்டி தனியா மல்லுக்கட்டுற? உன்னை ஒரு பக்கம், அவனை ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிறேன். ஆனா ஒண்ணு, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா கத்தரிக்காரன் வந்துடுவான். வந்தா ரெண்டு பேரையும்தான் நறுக்குவான்” என்றாள்.

கத்தரிக்காரன் என்பது ஆர்.என்.ஏ.க்களை வெட்டும் நொதி. துணுக்கிக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறந்து கண்ணைத் திறந்து எதையும் பார்க்கவில்லையே என்று துக்கமாகவும் இருந்தது. சுற்றிலும் கோலாயியின் உடம்பு சோர்ந்து தொய்வது தெரிந்தது.

“பிடிங்க அத்தே” என்றாள்.

வளையம்மா இருவரையும் இறுக்கிப் பிடித்தாள். நெட்டையன் திமிறினான். சொல்லி அனுப்பியதைத்தானே செய்கிறேன், என்மேல் என்ன தப்பு என்று கேட்டான்.

“உங்க மேல தப்பில்லண்ணே. நீங்க கிளம்பினப்போ இரும்பு இருந்துச்சு. இப்ப இல்ல” என்றாள் துணுக்கி.

அவன் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். திமிறுவதை நிறுத்தினான். துணுக்கி அவனைக் கட்டிக்கொண்டாள். கத்தரிக்காரன் வந்தான், இருவரையும் சேர்த்து நறுக்கினான். வளையம்மா அழுதாள், அழுதுகொண்டே, இன்னும் ஓடிக்கொண்டிருந்த மற்றத் தூதர்களை மறிக்க, மரபிழையிலிருந்து வந்த அடுத்த துணுக்கியைப் பிடித்துக்கொண்டாள்.

நறுக்கிய எழுத்துகள் வீணாகவில்லை, புதிய ஆர்.என்.ஏ.க்களுக்கு ஆயின. மிஞ்சிய இரும்பில் நகல் முடிந்தது. கோலாயி இரண்டானாள். ஆடு தேறிக் குழை தின்னத் தொடங்கியதும் இரும்பு வந்தது. புதிய நெட்டையன் ஒருவன் துள்ளிக்கொண்டு புறப்பட்டான். அவனை யாரும் மறிக்கவில்லை.

அன்று முதல்தான், இரும்பு குறையும்போதெல்லாம் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. வளையப் புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தூதனைக் கட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தே வெட்டுப்படுகின்றன, பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது.