இலை மூலையில் வைத்த உப்பு

பாய்மரக் கப்பல்கள் கடலில் ஓடிய காலம், பிள்ளைகளே. துறைமுகப் பட்டினம் ஒன்றில் சாத்தப்பர் என்றொரு வணிகர் இருந்தார். அவர் வீட்டில் சமைக்க வந்து சேர்ந்தவள் நல்லக்காள்.

அவள் குடிசையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. முதலில் சமைக்கப் போன வீட்டில் பால் பொங்கி வழிந்தது. என் தவறு என்றாள், போ என்றார்கள். இரண்டாம் வீட்டில் பருப்பு அடிப்பிடித்தது. என் தவறு என்றாள், போ என்றார்கள். இது மூன்றாம் வீடு. இதையும் விட்டால் போக இடமில்லை.

அமாவாசை தோறும் அந்த வீட்டுக்கு ஒரு துறவி உண்ண வருவார். மூன்று நாளுக்கு ஒருவேளைதான் அவருக்குச் சாப்பாடு. சோறும் ஒரே ஒரு கறியும் போதும். கையை உதறி எழுந்துவிட்டால் மறுபடி உட்காரமாட்டார். அவர் உண்ணும் முன் சமைத்ததை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம்.

அன்று அவரைக்காய். நல்லக்காள் நார் உரித்து, பொடியாக அரிந்து, மஞ்சள் போட்டு வேகவைத்தாள். கடுகு தாளித்தாள். மிளகும் சீரகமும் பொடித்து வைத்தாள். உப்புச் சாடியைத் திறந்த நேரம் குழந்தை வீரிட்டது. ஓடிப்போய்த் தூக்கினாள், துடைத்தாள், கை கழுவினாள், திரும்பி வந்தாள்.

உப்புப் போட்டோமா?

சாடி திறந்திருந்தது. விரலில் ஈரம்தான் இருந்தது. நினைவில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கார அம்மா உமையாள் ஆச்சி வாசற்படியில் நின்று, “கறி ஆச்சா நல்லக்கா?” என்றாள்.

“ஆகுது ஆச்சி.”

கொஞ்சம் கழித்து, “ஏண்டி, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ஏதும் குறையா?”

“ஒண்ணுமில்லை ஆச்சி.”

துறவி வந்துவிட்டார். நல்லக்காள் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, வழக்கப்படி முதலில் இலை மூலையில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள். நெஞ்சு அடித்த அடியில் தன் கை செய்ததை அவளே பார்க்கவில்லை.

“எல்லாம் சரியா இருக்கில்ல?” மூன்றாம் முறையாகக் கேட்டாள் ஆச்சி.

“சரியா இருக்கு ஆச்சி.”

உள்ளே போனாள். ஒரு கை உப்பை அள்ளிக் கறியில் போட்டுக் கிளறினாள். தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கினாள்.

துறவி ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். கோபிக்கவில்லை. தண்ணீர் குடித்தார், இலையை மடித்தார், பசியோடு எழுந்து தெருவில் இறங்கிப் போனார்.

ஆச்சி சட்டியிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பினாள்.

“ரெண்டு தடவை போட்டியா?”

“முதல்ல போட்டேனா இல்லையான்னு தெரியலை ஆச்சி. சொல்லப் பயமா இருந்துச்சு.”

“அடி பாவி! உப்பே இல்லாட்டித்தான் என்ன? இலையில உப்பு வச்சது நீதானே? வேணும்னா அவர் தொட்டுக்கிட்டிருப்பாரே.”

நல்லக்காளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆச்சி கத்தவில்லை. “கறி கெட்டதைப் பொறுத்துக்குவேன். மூணு தரம் கேட்டேன், மூணு தரமும் மறைச்சே. இனி நீ சரின்னு சொன்னா நான் எப்படி நம்புறது?” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

இரண்டு வீட்டில் உண்மை சொல்லித் துரத்தப்பட்டவள், பயப்படாமல் என்ன செய்வாள்? அதையும் அவள் ஆச்சியிடம் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டையும் விட்டுப் போகும்போது, துறவி மடித்த இலையை எடுத்துக் கொல்லையில் போட்டாள். இலை விரிந்தது. மூலையில் அந்த ஒரு சிட்டிகை உப்பு, யாரும் தொடாமல், வைத்தது வைத்தபடி இருந்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் திருத்த வழி கிடைக்கும், பிள்ளைகளே. பயந்து மறைத்தால் கைக்கெட்டிய வழியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.