கொடிவழி என்ற சொல் பிறந்த விதம்

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த காலம் அது. அப்போது மனிதர்கள் கூரையை வைத்துத்தான் உறவு சொல்வார்கள். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தால் உடன்பிறப்பு. அடுத்த கூரை என்றால் அந்நியம்.

மாயக்காளுக்கு ஒரே பிரசவத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பிறந்தன. பஞ்ச காலம். ஆண்களெல்லாம் பிழைப்புத் தேடிப் போயிருந்தார்கள். இரண்டுக்கும் பால் போதவில்லை. பக்கத்து வீட்டுச் சடைச்சி அந்த வாரம்தான் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தாள். மாயக்காள் பெண்பிள்ளையை அவள் மடியில் போட்டாள். செத்தது உன் பிள்ளை என்றே இருக்கட்டும், யாரிடமும் சொல்லிவிடாதே என்று சடைச்சி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இருபது வருஷம் போயிற்று. சடைச்சியும் போய்ச் சேர்ந்தாள். அவள் புருஷன் ஒச்சப்பன் ஒருநாள் வந்து, தன் மகள் பேச்சியை மாயக்காளின் மகன் கொம்பையனுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். கூரை வேறு, தப்பில்லை என்றது ஊர்.

மாயக்காள் யோசித்தாள். வழக்கப்படி தப்பில்லைதான். பெற்ற வயிறு கேட்கவில்லையே. சொன்னால் செத்தவளுக்குச் செய்த சத்தியம் என்னாவது? மாயக்காளின் முற்றத்துச் சுரைக்கொடி வேலியைத் தாண்டி ஒச்சப்பன் கூரைமேல் காய்த்திருந்தது. அதனிடம் போனாள்.

“உன் காய் யாருடையது?”

“வேர் உன் முற்றத்தில்தானே இருக்கிறது” என்றது கொடி.

“தாங்குவது அந்தக் கூரையல்லவா?”

“அதுவும் சரிதான். எனக்கே விளங்கவில்லை, தாயே.”

குழப்பம் இன்னும் கூடியது. பரிசம் போட ஊர் கூடிய அன்று, மாயக்காள் பேச்சியின் கையைப் பிடித்துச் சுரைக்காயின் காம்பில் வைத்தாள். கொடியைத் தடவிக்கொண்டே வரச் சொன்னாள். பேச்சி ஒன்றும் புரியாமல் வேலியில் நுழைந்து வேர்வரைக்கும் வந்து நின்றாள்.

“இந்தக் காய் மாதிரிதான் தாயி நீயும்” என்று மாயக்காள் எல்லாவற்றையும் சொன்னாள்.

பரிசம் நின்றது. ஒச்சப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பேச்சி இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நான் யார் வீட்டுப் பிள்ளை?”

எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். அது வாயெடுத்தது, சொல் வரவில்லை. பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒச்சப்பனைக் கைகொடுத்து எழுப்பி வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

பிறந்த வம்ச வழிக்குக் கொடிவழி என்று பேர் வந்தது அன்றிலிருந்துதான்; செடிகொடிகள் பேச்சை விட்டதும் அன்றிலிருந்துதான்.