ழ விழாத கணினி

பலவேசம் பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஐம்பத்து மூன்று வயதில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ள, கணினிக் கோளாறு பார்க்கும் சுடர்க்கொடியிடம் சேர்ந்தார். அவளுக்கு அவர் மகளின் வயது. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறு மாத இதழ். அங்கிருந்த ஒரே கணினியில் ழ வரவில்லை, மறுநாள் இதழ் அச்சுக்குப் போகவேண்டும் என்று சுடர்க்கொடிக்குச் சொல்லியனுப்பினார்கள். மறுநாள் காலையில் பலவேசம் மட்டும் போனார்.

மத்தியானம் சுடர்க்கொடி வந்தபோது மேசையில் மூன்று கீபோர்டுகள் கிடந்தன. தமிழ் எழுதும் மென்பொருளையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். ழ விசையை அழுத்தினால் இன்னமும் ஒரு சின்னக் கோடுதான் விழுந்தது.

அவள் எதையும் தொடவில்லை. விசைகள் அனுப்பும் எண்ணைக் காட்டும் நிரலைத் திறக்கச் சொன்னாள். அவர் அழுத்தினார். அறுபத்தொன்று.

“சரியான எண்ணா, அண்ணாச்சி?”

“சரிதான்.”

“அந்த எண்ணுக்கு இன்ன எழுத்துன்னு யார் சொல்றா?”

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு இடமாகத் துழாவினார். கடைசியில் மறைந்து கிடந்த ஒரு கோப்பு அகப்பட்டது. உள்ளே இரண்டே வரி. வலது ஓரத்து ழ விசையும் இடது மூலை விசையும் இடம் மாற்றப்பட்டிருந்தன. இடது மூலையை அழுத்தினார். ழ விழுந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அழிச்சிரட்டுமா, டீச்சர்?”

“எழுதினது யாரு?”

அது தெரியவில்லை. எழுந்துபோய் விசாரித்தார். மத்தியானத்தில் தட்டச்சு செய்ய இந்த வாரம்தான் சேர்ந்த மகராசி தெரியாதென்று கையை விரித்தாள்; ழ வரவில்லை என்று சொன்னதே அவள்தான். அடுத்த அறையில் ஜெபக்கனி இருந்தாள். காலைநேர வேலை அவளுடையது. காலையிலிருந்து அவர் கீபோர்டு மாற்றியதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள்.

அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள். போன வருஷம் கிரைண்டரில் மாட்டியதிலிருந்து சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்குவதில்லை. ழ-வை இடது கையால் தட்டத்தான் அந்த இரண்டு வரியையும் அவள் எழுதியிருந்தாள். வெளியே சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

பலவேசம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பெண்களும் ஒரே பயனர் பெயரில் உள்ளே நுழைவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோப்பை அழிக்கவில்லை. மகராசிக்கென்று வேறொரு பெயரில் கணக்கு திறந்து கொடுத்தார். அவள் வலது ஓரத்தில் தட்டினாள், ழ விழுந்தது. பழைய பெயரிலேயே நுழைந்து ஜெபக்கனி இடது மூலையில் தட்டினாள். அதிலும் விழுந்தது.

சாயங்காலம் இதழ் அச்சுக்குப் போயிற்று.

கிளம்பும்போது அலுவலகத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பலவேசம் பேனாவைத் திறந்தார். ஜெபக்கனியின் விரல் அதில் வரக்கூடாது.

“என்ன கோளாறுன்னு எழுத, டீச்சர்?”

“ஆள் ரெண்டு, பேரு ஒண்ணுன்னு எழுதுங்க, அண்ணாச்சி.”