மார்கழி எடை

கலால் இலாகாவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற பொன்னுரங்கம், மூன்று வருடமாக மடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். மறுநாள் அவருக்குத் தீட்சை. தீட்சை தரப்போகும் சாமி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"சட்டப்படி செய்தது பாவமாகுமா, சாமி?"

"என்ன செய்தீர்கள்?"

"அப்போது புகையிலைக்கு வரி உண்டு. வெள்ளியங்கிரி என்று ஒரு விவசாயி. மார்கழியில் அவருடைய இலையை எடை போட்டேன். நானூறு கிலோ. சித்திரையில் மறுபடி போட்டேன். முந்நூற்று இருபது."

"மார்கழியில் ஏன்?"

"பனி ஈரத்தில்தான் இலையை மூட்டையாகச் சிப்பம் கட்ட முடியும். வெயிலில் தொட்டால் இலை நொறுங்கிவிடும்."

"காய்ந்தால் எடை குறையுமே."

"அதற்குப் பத்தில் ஒரு பங்கு கழிவு உண்டு. மேலே குறைந்தால் கள்ளத்தனமாக விற்றதாக அர்த்தம். அவர் சொன்னார்: 'தொட்டுப் பாருங்க சார், சருகாட்டம் கெடக்குது. காத்துல போனதைப் புடிச்சு வெக்க கவர்மெண்டுல சாக்கு குடுத்தீங்களா?' கூட வந்த இலாகா ஜவான்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது."

"தொட்டுப் பார்த்தீர்களா?"

"இல்லை. சிப்பங்களைப் பறிமுதல் செய்தேன். ஊர் கூடியிருந்தது. உத்தரவை உரக்கப் படித்தேன். அதன் பிறகு அவர் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்."



"சிப்பங்கள் என்ன ஆயின?"

"எங்கள் கிடங்கில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருந்தது. அடுத்த மார்கழியில் ஏலம் விடுவதற்காக எடை போட்டேன்." பொன்னுரங்கம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நானூறுக்கு மூன்று கிலோதான் குறைவு."

"கள்ளத்தனமாக விற்ற இலை."

"ஆமாம், சாமி. பனியோடு திரும்பி வந்திருந்தது."

"என்னவென்று எழுதினீர்கள்?"

"சித்திரை எடையையே எழுதினேன். கூடுதலாக எழுதினால் எங்கிருந்து வந்தது என்று மேலிடத்தில் கேட்பார்கள்."

"வெள்ளியங்கிரியிடம் சொன்னீர்களா?"

"வழக்கு முடிந்திருந்தது. எனக்கும் மாற்றல் வந்துவிட்டது. சொல்லலாம், சொல்லலாம் என்றே... போன மாதம் இறந்துவிட்டாராம். இனி யாரிடம் போய்ச் சொல்வது?"

"அன்று உத்தரவை யார் கேட்கப் படித்தீர்கள்?"

"அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, சாமி. நாளைக்குத் தீட்சை வேறு."

"மீதிப் பேரும் போகட்டும் என்று இருக்கிறீர்களா?"