வளைக்குள் எரியாத விளக்கு

ஓடைக்கரை மருதமரத்தில் கீச்சி என்ற அணில் குடியிருந்தது. அதற்கு அவசரமாகத் தேங்காய் நார் தேவைப்பட்டது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. வயிற்றில் குட்டிகள். கூடோ ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

நாருக்கு ஈடாகக் கொடுக்க அதனிடம் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன விளக்கு. கூட்டுக்குள் நுழையாது என்பதால் அதைக் கிளை நுனியில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அந்தி சாய்ந்ததும் விளக்கு பளிச்சென்று எரியும். அதன் உச்சியில் கறுப்பாக ஒரு தகடு இருந்தது. தொப்பி போலும் என்று கீச்சி நினைத்துக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு காகம் ஆன்லைன் சந்தை நடத்திவந்தது. காட்டுக்குள் டவர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்! பேசும் அணிலை நம்பியவர்களுக்கு டவரை நம்புவதில் என்ன சிரமம்?

கீச்சி விளக்கைப் படம் எடுத்துச் சந்தையில் போட்டது. "பழைய விளக்கு. நன்றாக எரியும். விலை, ஒரு கட்டுத் தேங்காய் நார்."

ஓடைக்கு அக்கரையில் குண்டோதரன் என்ற பெருச்சாளி நீண்ட வளை ஒன்றில் வாழ்ந்தது. அதன் குட்டிகள் இருட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் முட்டிக்கொண்டு அழுதன. பெருச்சாளி உடனே விளக்கை வாங்கியது. தென்னந்தோப்பில் கொறித்துச் சேர்த்த நாரைக் காகத்திடம் கொடுத்தது.

வாங்கியவர் திருப்தி என்று சொல்லும்வரை விலை காகத்தின் காவலில் இருக்கும். சந்தையின் சட்டம் அது.

முதல் நாள் விளக்கு எரிந்தது. மறுநாள் மங்கியது. பிறகு எரியவே இல்லை. பெருச்சாளி கொதித்துப்போய்ச் சந்தையில் எழுதியது. "ஏமாற்று வேலை! இந்த அணிலை யாரும் நம்பாதீர்கள்!"

அதைப் படித்த கீச்சிக்கு வால்மயிர் சிலிர்த்துக்கொண்டது. உடனே போன் போட்டது.

"என்னண்ணே இப்படி எழுதிட்டீங்க? என் வீட்டுல ஜோரா எரிஞ்ச விளக்கு அது!"

"என் வீட்டுல எரியலையே, தங்கச்சி!"

"கீழே போட்டு உடைச்சிருப்பீங்க!"

"நானா? பெத்த பிள்ளை மாதிரி துணியில சுத்திப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்!"

காகம் விளக்கைத் தூக்கிவந்து கீச்சியிடம் கொடுத்தது. கீச்சி அதைப் பழையபடி கிளையில் கட்டியது. மறுநாள் அந்தியில் விளக்கு பளிச்சென்று எரிந்தது! காகம் அதை அக்கரைக்குக் கொண்டுபோனது. கொஞ்ச நேரம் எரிந்த விளக்கு, அடுத்த நாள் மீண்டும் அணைந்தது!

"பறந்து பறந்து என் இறக்கை தேயுது! முதல் மழைக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. இல்லேன்னா நாரைப் பெருச்சாளிகிட்டயே திருப்பிக் கொடுத்துடுவேன்!" என்றது காகம்.

வானத்தில் மேகம் கூடியது. கீச்சி பிய்ந்த கூட்டைப் பார்த்துக் கலங்கியது. அப்போது நரி வந்தது. யாரும் அதை அழைக்கவில்லை. சண்டை வாசனை அடித்தால் போதும், அதற்குத் தனி அழைப்பு வேண்டாம்.

"அம்மணி, கவலையை விடுங்க! பெருச்சாளி விளக்கையே மாத்திட்டான்னு எழுதுங்க. சாட்சி நான் சொல்றேன்."

"அவர் மாத்தினதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்ததை யார் வேணும்னாலும் சொல்லலாமே! பார்க்காததைச் சொல்லத்தான் திறமை வேணும். கட்டணம் பாதி நார். காலையில பெருச்சாளிகூட இதே கட்டணத்தைக் கேட்டு யோசிக்கிறேன்னார்."

"அங்கேயும் பாதியா? அப்போ நார் முழுசும் உங்களுக்குத்தானா!"

நரி இருமிக்கொண்டே வானத்தைப் பார்த்தது. கீச்சி மரத்தைவிட்டு இறங்கி, தானே ஓடையைக் கடந்து பெருச்சாளியின் வளைக்குள் நுழைந்தது.

நல்ல பகல். உள்ளேயோ கும்மிருட்டு. முதல் திருப்பத்திலேயே கீச்சி மூக்கை இடித்துக்கொண்டது.

"முட்டிக்கிட்டீங்களா அத்தை? நாங்களும் தினம் முட்டிக்கிறோம்!" என்று இருட்டுக்குள்ளிருந்து குட்டிகளின் குரல் கேட்டது.

கீச்சியின் கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அது மூக்கைத் தடவிக்கொண்டே, "அண்ணே, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இங்கே எப்போ விடியும்?" என்றது.

"விடியறதா? அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுல இல்லையே!" என்றது பெருச்சாளி.

கீச்சி விளக்கைச் சுற்றியிருந்த துணியைத் தடவிப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது. "என் வீட்டுல இது பகல் பூரா வெயில்ல தொங்கிக்கிட்டிருந்துச்சு. இங்கே பகல் பூரா துணிக்குள்ள இருக்கு. இது வெயிலைத் தின்னுட்டுத்தான் எரியுமோ என்னவோ! தலையில இருக்கிறது தொப்பி இல்லைண்ணே, வாய்!"

"ஐயையோ! பொத்தி வச்சே பட்டினி போட்டுட்டேனே!" என்று பெருச்சாளி தலையில் அடித்துக்கொண்டது. "ஆனா பகல்ல வெளியே வச்சா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களே? நான் தூங்குற நேரமாச்சே அது!"

"நான் முழிச்சிருக்கிற நேரம்தானே? நான் காவல் இருக்கேன்!"

அன்று மேகத்தின் இடையே வந்த வெயிலையெல்லாம் விளக்கு தின்றது. அந்தியில் அதை உள்ளே கொண்டுபோனார்கள். வளை முழுவதும் வெளிச்சம்! குட்டிகள் ஒரு திருப்பத்திலும் முட்டாமல் கடைசிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தன.

பெருச்சாளி தன் புகாரை அழித்துவிட்டு, "விளக்கு நல்லது. பட்டினி போட்டது நான்" என்று எழுதியது. கீச்சியும் தன் விளம்பரத்தின் அடியில், "பகலில் வெயிலில் வைக்க வேண்டும் என்று சொல்லாதது என் குறை. எனக்கே இப்போதுதான் தெரியும்" என்று சேர்த்தது. காகம் பெருமூச்சு விட்டபடி நாரைக் கொண்டுவந்து போட்டது.

முதல் மழை பெய்தபோது கீச்சி புதிய கூட்டுக்குள் நனையாமல் படுத்திருந்தது. எதிர்க்கரையில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது.

அன்றே சந்தையில் புதிய விளம்பரம் ஒன்றும் வந்தது. "சாட்சி விற்பனைக்கு. இதுவரை பயன்படுத்தப்படாதது. அணுகவும், நரி."

நீதி: இருவரில் யார் பொய்யர் என்று ஆராயும் முன், இருவருமே உண்மை சொல்கிறார்களா என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.