தன் மனை ஆளாதான்

யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கதை இது, அவசரம் வேண்டாம்.

கரூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்த சேதுமாதவன், இணையத்தில் 'மரபுக் காவல்' என்றொரு குழுவில் இருந்தான். குடும்பம், ஒழுக்கம், ஆண்மகனின் கடமை என்று பேசுகிற ஆண்கள் கூடும் இடம். இப்படிப்பட்ட குழுக்களில் பெரும்பாலும் சத்தம் போடுகிறவன்தான் தலைவன். இங்கே அப்படியில்லை, இதுதான் மரபு என்று சான்று இல்லாமல் யாரும் ஒரு வரிகூட எழுத முடியாது. சான்றைச் சரிபார்ப்பவன் சேதுமாதவன். அதில் அவனுக்குப் பெருமை உண்டு.

குழுவைத் தொடங்கிய திருப்பூர் அரங்கராசன், ஒருநாள் அவனிடம் காட்டாமலேயே ஒரு காணொளி வெளியிட்டார். "'தன் மனை ஆளாதான் சபை ஏறப் பெறான்.' கல்வெட்டு சொல்கிறது! மனைவியை அடக்கி ஆளத் தெரியாதவனுக்கு ஊர்ச்சபையில் இடமே கிடையாது!" ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள்.

சேதுமாதவன் கல்வெட்டின் அச்சுப் பாடத்தை எடுத்துப் பார்த்தான். அடுத்த வரியிலேயே அந்த மனையின் நான்கெல்லையும் அதற்குக் கட்ட வேண்டிய வரிப்பணமும் வந்தன. மனை என்றால் அங்கே வீட்டுமனை, ஆள்வது என்றால் உடைமையாக வைத்திருப்பது. சொந்த மனை இல்லாதவன் சபையில் உட்கார முடியாது, அவ்வளவுதான். மனைவி அந்தக் கல்லில் எங்குமே இல்லை.

அரங்கராசனை அழைத்துச் சொன்னான். அவர் மறுக்கவில்லை.

"தப்புத்தான் தம்பி. ஆனா நம்ம குழு மாநாடு நெருங்கிருச்சு. இப்பச் சொன்னா ஊரே சிரிக்கும். முடியட்டும், நானே என் வாயால சொல்றேன். அதுவரைக்கும் நீ மூச்சு விடப்படாது. ஆம்பளைக்கு ஆம்பளை, வாக்குக் குடு."

"சரிங்கண்ணா."

அதன்பின் அவர் மாநாட்டு வேலையில் மூழ்கி, குழுப் பக்கமே வரவில்லை. அப்போதுதான் மேட்டூர் மாதேஸ்வரன் குழுவில் எழுதினான். சேதுமாதவனின் நெருங்கிய நண்பன். மாதேஸ்வரனின் மனைவி சுகந்தி, ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். "அண்ணன் பேச்சக் கேட்டேன். நாளைக்கு அவ வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வர்றா. இனி என் வீட்டுல என் பேச்சுதான்."

அவனைப் பாராட்டிச் சிங்கப் படங்கள் குவிந்தன. சேதுமாதவன் 'அவசரப்படாதே' என்று தட்டினான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அழித்தான். மறுநாள் வகுப்பில் பாடம் ஓடவில்லை. மதியம் மாதேஸ்வரனின் எண்ணை எடுத்தான். அழைக்காமலே கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சுகந்தி வேலையை விட்டாள்.

மாநாடு முடிந்ததும் அரங்கராசன் சொன்னபடியே, தான் தவறாகப் படித்துவிட்டதாகக் காணொளியில் மன்னிப்புக் கேட்டார். அவருடைய நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள். சுகந்தியின் இடம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். மாதேஸ்வரன் விடவில்லை. சேதுமாதவன் மேட்டூருக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தான்.

"கல்வெட்டு தப்பா இருக்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான். மாத்துனா என்னை எவன் ஆம்பளைன்னு மதிப்பான்?"

தண்ணீர் கொண்டுவந்த சுகந்தி கேட்டாள். "அது தப்புன்னு உங்களுக்கு எப்பங்கண்ணா தெரியும்?"

"மாநாட்டுக்கு முன்னாடியே."

"நான் எழுதிக் குடுக்கறதுக்கும் முன்னாடியேங்களா?"

அவன் ஆமென்று தலையாட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்று ஆண்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். வேலை போனது அவளுக்கு. மூவரில் யார் செய்த தவறு பெரிது?

விடை: அரங்கராசனுக்குப் பிழை தெரியும், சுகந்தியின் கதை தெரியாது. மாதேஸ்வரனுக்கு அவள் கதை தெரியும், பிழை தெரியாது. இரண்டும் தெரிந்தவன் சேதுமாதவன் ஒருவனே. ஆகவே அவள் வேலையை விட்ட அன்று பெரிய தவறு அவனுடையது. திருத்தம் வந்தபின் மாதேஸ்வரனுக்கும் இரண்டும் தெரியும். மருத்துவமனை வேறொருத்தியை அமர்த்தும்வரை அந்தத் தவறு அவனுடையதாக இருந்தது. இந்த விடையை யோசித்துக் கண்டுபிடித்தவன் சேதுமாதவன்தான். அதைக் குழுவில் எழுதத்தான் அவனுக்கு இன்றுவரை கை வரவில்லை.