காமிக்கிறதுக்கு ஒரு ரூம்

"மேஸ்திரி, பன்னெண்டு பிளான் போட்டுட்டேன். ஒண்ணுலயும் வீடு உக்கார மாட்டேங்குது."

சொன்னது மரகதவல்லி. ஊருக்கெல்லாம் வீடு வரைஞ்சு குடுத்த இன்சினியரம்மா. வயசு அம்பத்திரண்டு. இப்ப வரையறது சொந்த வீடு.

கேட்டுக்கிட்டு இருந்தது அமலோற்பவம் மேஸ்திரி. பதினஞ்சு வயசு சின்னவங்க. ஆனா செவுத்துல ஒரு சந்தேகம்னா இன்சினியரம்மா போய் நிக்கிறது இவங்க முன்னாடிதான்.

"குமுதாக்கா என்ன சொல்றாங்க?"

"'அந்த ரூம் இருந்தா நான் அந்த வீட்டுக்கு வரல'ங்கிறா. பத்தொம்பது வருஷமா ஒண்ணா இருக்கோம் மேஸ்திரி. வாடகை வீட்ல எல்லாம் ஓனர்ட்ட சித்தி பொண்ணுன்னு சொன்னேன், பேசாம இருந்தா. சொந்த வீடு கட்றப்ப வந்து கழுத்தறுக்குறா."

"எந்த ரூமு?"

"ரெண்டாவது பெட்ரூம்."

மேஸ்திரி பிளானை ஒரு தடவை பாத்தாங்க. சுண்ணாம்புப் பொடிச் சட்டியை எடுத்தாங்க. காலி மனையில முழு வீட்டையும் கோடாப் போட்டாங்க.

"இன்சினியரம்மா, இப்ப நான்தான் உங்க பெரியம்மா மகன்னு வெச்சுக்குங்க. கோயம்புத்தூர்லேர்ந்து வந்திருக்கேன். வீட்டைச் சுத்திக் காமிங்க."

"வெளையாடற நேரமா இது? நாளைக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வருது!"

"தோண்டறதுக்கு முன்னாடிதான் வெளையாடலாம். தோண்டிட்டா விழத்தான் முடியும்."

மேஸ்திரி இடுப்புல கையை வெச்சாங்க. மூக்கைத் தூக்கினாங்க.

"ஏன்டி மரகதம், வாசல்ல நிக்க வெச்சே அனுப்பிடலாம்னு பாக்குறியா?"

மரகதவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அச்சு அசல் பெரியம்மா மக. அந்தம்மா பூமி பூஜைக்கு வந்து அரை மணி நேரம்தான் இருந்தாங்க, அதுக்குள்ள மேஸ்திரி புடிச்சு வெச்சிருக்காங்க.

ரெண்டு பேரும் கோட்டைத் தாண்டி உள்ள வந்தாங்க.

"இது என் ரூமு."

"ம்ம்."

"இது குமுதா ரூமு."

மேஸ்திரி வெறுந்தரையைக் குனிஞ்சு பாத்தாங்க.

"ஏன்டி, தலகாணி கசங்கவே இல்ல? பெட்ஷீட்ல கடை மடிப்பு அப்படியே இருக்கு?"

"அது... நீ வர்றதுக்குள்ள கசக்கி வெச்சிருப்பேன்."

"சொல்லாம வந்தா?"

"தெனம் காலையில கசக்கிடுவேன்."

"தெனமும்?"

"தெனமும்."

"யாரு, நீயா, அவளா?"

"முறை போட்டுக்குவோம் மேஸ்திரி! இப்ப அதுக்கு என்னங்கிறீங்க?"

"மேஸ்திரி யாருடி? நான் பெரியம்மா மக."

மரகதவல்லி தலையில கை வெச்சுக்கிட்டாங்க.

"சரி. நடுச்செவுத்துல ஒரு கதவு வெச்சுடறேன். முன்னாடி பீரோ நிக்கும். யாருக்கும் தெரியாது."

"தெனம் ராத்திரி பீரோவை யாரு நகத்துவா? அதுக்கும் முறையா?"

"பின்ன என்னதான் பண்ணச் சொல்றீங்க? ஒரே பெட்ரூம்னா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

மேஸ்திரிக்கு ஒரு நிமிஷம் சொந்தக் குரல் வந்துடுச்சு.

"அவங்க நெனைக்கிறதுக்குப் பத்தடிக்குப் பன்னெண்டடியில ஒரு ரூமா?"

உடனே மூக்கு மறுபடி மேல போச்சு.

"கேட்டதுக்குப் பதில் வரலையே மரகதம். குமுதா எங்க தூங்குறா?"

சித்தி பொண்ணு. ஃப்ரெண்டு. பேயிங் கெஸ்ட். அவளுக்கு நைட் டியூட்டி. பத்தொம்பது வருஷத்துப் பதில் அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்து வரிசையில நின்னுச்சு.

வெயில் காஞ்சுது. மேஸ்திரி இடுப்புலேர்ந்து கையை எடுக்கல.

"என் பக்கத்துல."

"என்னது?"

"என் பக்கத்துலதான்டி தூங்குறா! காது கேக்கலையா உனக்கு?"

அடுத்த மனையில செங்கல் அடுக்கிட்டிருந்தவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க.

மரகதவல்லி செருப்பைக் கழட்டினாங்க.

மேஸ்திரி ரெண்டடி பின்னால போனாங்க.

மரகதவல்லி வெறுங்காலால ரெண்டாவது ரூமோட கோட்டைத் தேச்சாங்க. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். மூச்சு வாங்க, நாலு பக்கமும்.

"இன்சினியரம்மா! மெதுவா! அடுப்படிக் கோடும் சேந்து அழியுது!"

"அழியட்டும். அதுல ரெண்டு பேர் நிக்க முடியாது."